அடி அக்காவின் இடது காது

அந்த ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை அடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரையும் அடித்து வாங்கிய பெயரில்லை. சண்டைப் படங்களில் விழுகிற குத்து, உதை, அறை, சுவரில் தலை மோதுகிற சத்தம் எல்லாவற்றையும் சிந்தசைசரில் செய்து கொடுப்பவள் அவள். திரையில் கதாநாயகன் வீசுகிற கை வெறும் காற்றைத்தான் அறைகிறது. அதில் வலியை ஏற்றுவது அடி அக்கா. முன்பு ஒரு நடன மண்டபத்தில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் விளையாட்டுக்கு அறை விழுகிற சத்தத்தைச் செய்து காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த ஸ்டுடியோ முதலாளி அவளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

ஸ்டுடியோ ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே இரும்பு விழுகிற சத்தம் ஏறி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சு வைத்து அடித்திருந்தார்கள். நடுவில் மரச்சட்டம் போட்ட ஓர் அனலாக் சிந்தசைசர். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் முன்கோபி. காலையில் சுவிட்சைப் போட்டுச் சிவப்பு விளக்கு எரிந்ததும், சூடேறும்வரை அதன் பக்கம் போகக்கூடாது. போனால் சுருதி தன் இஷ்டத்துக்கு ஓடும். வெயிலுக்கு ஒரு குணம், மழைக்கு ஒரு குணம். ஞாபகசக்தி துளியும் கிடையாது. நேற்றுப் பிரமாதமாக வந்த குத்து இன்றைக்கும் வேண்டுமென்றால், முகப்பில் இருக்கிற குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் அதே குத்து வராது, அதன் தம்பிதான் வரும்.

அவள் புருஷனின் பெயர் ஊருக்கெல்லாம் பல்டி. படங்களுக்குச் சண்டை அமைக்கிற மாஸ்டர் ஒருவரின் குழுவில் இருந்தான். கூரையிலிருந்து குதிப்பான், கண்ணாடிக்குள் பாய்வான், கதாநாயகனிடம் உதை வாங்கி மேசைமேல் பறந்து விழுவான். மாஸ்டர் கண்டிப்பான மனிதர். குத்தோ அறையோ, எதிராளியின் தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அடித்தவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நிற்பான். அடிபட்டவன் நிஜமாக ஓர் அடி கொடுப்பான். அதோடு கணக்குத் தீர்ந்தது, மறுபடி வேலை. இத்தனை வருஷத்தில் பல்டி ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை. அவ்வளவு சுத்தமான கை என்று மாஸ்டர் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவனைக் காட்டுவார்.

வெளியே விரற்கடை தூரத்தில் நின்ற அந்தக் கை, வீட்டில் ஒரு நாளும் நிற்கவில்லை. சட்டையில் பித்தான் தைக்க மறந்ததற்காக ஒரு மாலை அவன் விட்ட அறையில் அவளுடைய இடது காதுக்குள் ரத்தம் கட்டியது. முதலில் தலைக்குள் பீப்பாய் உருண்டதுபோல் தொம் என்றது. பிறகு மெல்லிசாக ஒரு கீச்சு. அன்றோடு வெளிச்சத்தம் எதுவும் அந்தக் காதுக்குள் போகவில்லை. உள்ளே புகுந்த கீச்சும் வெளியே வரவில்லை. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "இடது போயிடுச்சும்மா. இனிமே வலதைப் பாத்துக்குங்க" என்றார். ஒரு செருப்பைத் தொலைத்த குழந்தையிடம் மற்றதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்பதுபோல் சொன்னார்.

அவள் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் கையை ஓங்கினால், வயிற்றை விடுவாள், முதுகை விடுவாள், இடது கன்னத்தைத் தாராளமாகத் திருப்பிக் கொடுப்பாள். வலது காதை மட்டும் இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்வாள். அது போனால் வேலை போகும். வேலை போனால் அந்த வீட்டைத் தவிர அவளுக்குப் போக்கிடம் கிடையாது. பல்டிக்கும் இது தெரியும். எல்லோருக்குமே ஓரளவு தெரியும். படியில் விழுந்தேன் என்றால் முதலாளி "படியைப் பாத்து இறங்கும்மா" என்பார். அந்த வீட்டுக்குப் படியே இல்லை என்பது அவருக்கும் தெரியும். பெரிய மனிதர்கள் தெரியாததுபோல் இருப்பதில் கெட்டிக்காரர்கள்.

அந்தத் தொம்மையும் கீச்சையும் அவள் முன்கோபியில் செய்து பார்க்க ஆரம்பித்தாள். ஒரு தாழ்ந்த சுருதியைச் சட்டென்று இன்னும் கீழே சரியவிட்டு, அதன்மேல் கொஞ்சம் இரைச்சலைத் தூவி, கடைசியில் ஊசிபோல் ஒரு கீச்சை மெல்ல எழுப்புவாள். கிட்டத்தட்ட வரும், வந்ததும் நழுவும். பல மாதம் மல்லுக்கட்டிப் பிடித்தாள். அந்த அடியைக் கேட்ட டைரக்டர்கள் காதைத் தடவிக்கொண்டார்கள். அவள் பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

அப்படியிருக்கும்போது முதலாளி ஒரு டிஜிட்டல் சிந்தசைசரைக் கொண்டுவந்து இறக்கினார். கறுப்பாக, ஒல்லியாக, தூசு படாமல் இருந்தது.

"இதைப் பாரும்மா. கட்டையை அழுத்தினா அடி. நாளைக்கு அழுத்தினாலும் அதே அடி. சூடு பண்ண வேண்டாம், கெஞ்ச வேண்டாம். மைக்கைக் காட்டினா எந்தச் சத்தத்தையும் பிடிச்சு வச்சுக்கும்."

அவள் ஒரே கட்டையைப் பலமுறை தட்டிப் பார்த்தாள். மயிரிழை மாறாமல் அதே குத்து வந்தது. "கிளிப்பிள்ளை முதலாளி இது. எந்த மனுஷன் ரெண்டு தடவை ஒரே மாதிரி அடிப்பான்?"

"அதெல்லாம் யாரும்மா கவனிக்கப் போறாங்க."

"வாங்கறவங்க கவனிப்பாங்க."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றினார். முன்கோபியைப் பழைய கருவிகள் சேர்க்கிற ஒருவர் கேட்டிருக்கிறார், அது போவதற்குள் அதிலிருக்கிற அடிகளையெல்லாம் கிளிப்பிள்ளைக்கு மாற்றிவிட வேண்டும் என்றார்.

அவள் அந்த வேலையில் இறங்கினாள். வயர் வழியாக நேரே செலுத்தினால் அடி எலும்பில்லாமல் வந்தது. அதனால் முன்கோபியை ஸ்பீக்கரில் முழங்கவிட்டு, எதிரே மைக்கை நிறுத்தி, கிளிப்பிள்ளையில் பதிந்தாள். கீச்சை மட்டும் தனியாகவும் ஒருமுறை பதிந்து வைத்தாள்.

பல்டி அங்கே வந்தது ஒரு மத்தியானம். தோள் சுளுக்கி ஒரு படத்திலிருந்து அவனை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. முதலாளி வெளியே போயிருந்தார். அவன் கதவைக் காலால் தள்ளித் திறந்தான்.

"புருஷன் வெளியில நிக்கறான், உனக்கு இங்க டமால் டுமீலா?"

"சாவியை ஜன்னல்லதாங்க வச்சிருந்தேன்."

எதிர்ப்பேச்சு அவ்வளவுதான். அவன் அவளைத் தலைமுடியோடு பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்தான். நாற்காலி கவிழ்ந்தது. முதல் அறை இடது கன்னத்தில் விழுந்தது. அடுத்தது வாயில் விழுந்து உதட்டைப் பல்லோடு கிழித்தது. அவள் தரையில் சுருண்டு வலது காதைப் பொத்திக்கொண்டாள். அவன் குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான்.

"இந்த ஒரு காது இருக்கறதாலதானே இவ்வளவு திமிரு. இதையும் எடுத்துடறேன்."

கீழே டயர் கடையில் யாரோ முதலாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் கையை எடுத்தான். இடுப்பில் ஓர் உதை விட்டுவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனான். கறுப்புப் பெட்டியில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கை அவனும் பார்த்தான்தான். வருஷக்கணக்காக அந்த அறைக்கு வந்துபோகிறவன். சிவப்பு விளக்கென்றால் பெட்டி சூடாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் அவனுக்குத் தெரியும். கிளிப்பிள்ளையில் சிவப்பு எரிந்தால் பதிகிறது என்று அர்த்தம்.

அவள் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, பதிந்ததை ஒரு கட்டையில் ஏற்றி அழுத்தினாள்.

சத் என்றது. அவ்வளவுதான்.

மறுபடியும் அழுத்தினாள். ஈரத் துணியைக் கல்லில் போட்டதுபோல் சப்பையான, சின்னச் சத்தம். தொம் இல்லை. கீச்சு இல்லை. இத்தனை வருஷமாக அவள் உள்ளேயிருந்து கேட்ட அடி வேறு, வெளியே கேட்ட அடி வேறு. பக்கத்து வீட்டுக்காரி ஏன் ஒருநாளும் கதவைத் தட்டவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் இந்தச் சின்னச் சத்தம்தான் போயிருக்கிறது. கொசு அடிக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். அடி அக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். கிளிப்பிள்ளை மயிரிழை மாறாமல் அவளை அறைந்துகொண்டே இருந்தது.

பிறகு அந்தச் சின்னச் சத்தத்தின் வாலில் முன்கோபியின் கீச்சை ஒட்டினாள். வெளியே நடந்தது ஒன்று, உள்ளே நடந்தது ஒன்று. இரண்டும் சேர்ந்தபோது அவளுக்கே தலை ஒருபக்கம் சாய்ந்தது.

சண்டைக்காட்சியைச் சத்தத்தோடு பார்க்க மாஸ்டர் தன் ஆட்களோடு வந்த காலையில், அவள் தன் துணிமணிகளை ஒரு பையில் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். சம்பளத்தில் வாடகை தருகிறேன் என்று கூடப்பிறந்தவள் வீட்டில் இடம் கேட்டாகிவிட்டது. முன்கோபியும் கிளம்பத் தயாராக மூலையில் இருந்தது. போர்வை சுற்றிக் கயிறு கட்டி, வயரை அதன் காலிலேயே சுருட்டியிருந்தார்கள். பல்டி முதல் வரிசையில் உட்கார்ந்தான். அந்தக் காட்சியில் கதாநாயகனிடம் செமத்தியாக வாங்குகிறவன் அவன்தான்.

படம் ஓடியது. அவள் திரையைப் பார்த்துக் கட்டைகளைத் தட்டினாள். கதாநாயகன் குத்தினான், வழக்கமான குத்து விழுந்தது. உதைத்தான், வழக்கமான உதை. ஆட்கள் சிரித்துப் பல்டியின் முதுகில் தட்டினார்கள். பிறகு கதாநாயகன் அறைந்தான். சத் என்றது, கீச்சு எழுந்தது, எழுந்து அறை முழுக்க நிறைந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொரு அறை. திரையில் பல்டி வாயைத் திறக்க, ஸ்பீக்கரில் அவன் குரலே வந்தது. "இந்த ஒரு காது இருக்கறதாலதானே இவ்வளவு திமிரு. இதையும் எடுத்துடறேன்."

மாஸ்டர் கையை உயர்த்திப் படத்தை நிறுத்தச் சொன்னார். அடி அக்காவின் வீங்கிய உதட்டைப் பார்த்தார். பல்டி தானாகவே பேசினான்.

"அது வீட்டு விஷயம் மாஸ்டர்."

"கை நான் பழக்கின கை. எந்திரி."

"மாஸ்டர்..."

"கை பட்டிருக்கு. கையைப் பின்னால கட்டு."

முதலாளி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். குழுவில் ஒருவன் அவர் தோளில் கை வைத்து உட்காரவைத்தான். பல்டி எழுந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். உதட்டோரம் ஓர் இளிப்பு. அடி வாங்குவது அவன் தொழில். வருகிற கையோடு முகத்தைத் திருப்பினால் எந்த அறையும் பாதிதான் விழும்.

"வா தங்கச்சி" என்றார் மாஸ்டர். "ஒண்ணுதான். நிஜமா."

அவள் அவன் எதிரே வந்து நின்றாள். சண்டைக்காரர்கள்போல் கையை வீசி ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் அவன் திரும்பியிருப்பான். இடுப்பருகே கிடந்த வலது கையின் உள்ளங்கையைக் குவித்தாள், தண்ணீர் அள்ளுவதுபோல். அந்தக் கை எங்கே விழ வேண்டும், எந்த வாட்டத்தில் விழ வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுடைய இடது காதில் முழுசாக மூடி விழுந்தது.

சத் என்றது. அவ்வளவுதான். பின்வரிசையில் ஒருவன் ஏமாந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பல்டி ஓரடி தள்ளாடி, சமாளித்து நின்றான். இளிப்புகூட அப்படியே இருந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. தலையை உதறினான். விரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினான். விரல் நுனியில் ரத்தம் வந்தது. அவன் மூலையைப் பார்த்தான்.

"அந்தப் பழைய மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

யாருக்கும் புரியவில்லை. "எதுப்பா?" என்றார் முதலாளி.

"கீச்சுனு கத்துதே. நிறுத்துங்க."

"அதுல கரண்டே இல்லையேப்பா. கட்டி வச்சிருக்கு பாரு."

அடி அக்கா கதவோரம் போய்ப் பையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து, அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று வலதுபக்கமாக நின்று சொன்னாள்.

"அது நிக்காதுங்க. இடது போயிடுச்சு. இனிமே வலதைப் பாத்துக்குங்க."