அது என் பெண்ணின் சுருதி

கேமரா வைத்த மொபைல் போன் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் டெல்லியில் ஆர்.கே.புரம் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் ஓர் அமைச்சகத்தில் கிளார்க். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அடுப்பு, வீடு, செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் முருகன் கோயில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஜனை என்று என் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பது நான்தான். முறையாக யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டுக் கையில் வந்தது. ராகத்தின் பெயரைக் கேட்டால் விழிப்பேன். ஆனால் யாருடைய குரல் எந்தக் கட்டையில் சுகமாக நிற்கும் என்பது மட்டும் ஒரு தடவை கேட்டாலே காதில் பதிந்துவிடும். கட்டை என்பது சுருதியின் உயரம். சிலருக்கு ஐந்து, சிலருக்கு ஐந்தரை. என் பெண்ணுக்கு ஆறரை. மெல்லிய கம்பி போன்ற குரல் அவளுக்கு. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் பாட்டை எடுக்கிறார்களோ, அவர்கள் சுருதியில்தான் அந்தப் பாட்டு முடியும்வரை போகும். மற்றவர்களுக்கு எட்டினால் சேர்ந்து பாடலாம், எட்டாவிட்டால் தாளம் போடலாம்.

எங்கள் மேல்வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் இருந்தது. அவர்களுக்கும் ஒரே பெண், என் பெண்ணின் வயது. இருவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. கந்த சஷ்டி முடிந்து திருக்கல்யாணத்தன்று கோயிலில் எங்கள் குழு பாடியது. ஒரு முருகன் பாட்டை என் பெண் எடுத்தாள். நான் ஆறரைக் கட்டையில் பிடித்தேன். மேல்வீட்டுப் பெண் அவளோடு சேர்ந்து பாடினாள். அந்தப் பெண்ணுக்குப் பெரிய கண்கள். சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. முனிர்காவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பையன்கள் கோயிலுக்குச் சாப்பிட வருவார்கள். அவர்களில் ஒருவன் அதை மொபைலில் வீடியோவாகப் பிடித்துவிட்டான். அவன் நின்ற இடத்திலிருந்து ஒரு தூண் என் பெண்ணை மறைத்துவிட்டது. இரண்டு குரலும் சேர்ந்து அதில் ஒரே குரலாகத்தான் கேட்டது.

ஒரு மாதத்துக்குள் அந்தப் படம் போகாத இடம் இல்லை. ப்ளூடூத்தில் போனது, ஈமெயிலில் போனது, இணையத்தில் ஏறியது. அமெரிக்காவில் இருக்கும் யாரோ அனுப்பினார்கள் என்று, எங்கள் கோயிலில் எங்கள் கண்முன்னால் நடந்ததை எங்கள் காலனிக்காரர்களே எனக்குக் காட்டினார்கள். நான் சமையலறையில் நின்றுகொண்டு என் கணவரின் மொபைலில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். வலது ஓரத்தில், தூணை ஒட்டி, ஒரு கை தொடையில் தட்டித் தாளம் போடும். சிவப்புக் கண்ணாடி வளையல்கள். அது என் பெண். உலகம் பூராவும் பார்த்த படத்தில் அவளுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மேல்வீட்டுப் பெண்ணைக் கையில் பிடிக்க முடியவில்லை. தமிழ் சங்க விழா, நொய்டாவில் கிருகப்பிரவேசம், குர்கானில் கல்யாண வரவேற்பு, ஒரு ஹிந்தி டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சி. எங்கே போனாலும் அந்த ஒரு பாட்டைத்தான் கேட்பார்கள். மொபைலில் கேட்ட மாதிரியே பாடச் சொல்வார்கள். அவளுடைய அப்பா சனி, ஞாயிறு என்றால் வாடகைக் கார் வைத்து அழைத்துப் போவார். பட்டுப்பாவாடை சரசரக்க அவள் படியிறங்கும்போது நான் வேண்டுமென்றே குக்கரைத் திறந்து எதையாவது கிண்டிக்கொண்டிருப்பேன்.

காய்கறி வண்டிக்காரன் ஒருநாள், "ஆன்ட்டிஜி, அந்தப் பாட்டுப் பாடுவது உங்கள் பெண்ணா?" என்று ஹிந்தியில் கேட்டான். "நஹீ" என்றேன். அவனும் அத்தோடு வெண்டைக்காயை நிறுக்கப் போய்விட்டான். எப்போதும் கேட்டு வாங்கும் கொத்தமல்லிக் கொசுறைக்கூட அன்று கேட்காமல் வந்துவிட்டேன். கோயிலில் அர்ச்சகர், சுவாமி கழுத்து மாலையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அதே வரிசையில்தான் நாங்களும் நின்றோம். முருகா, அவளுக்கு எதுவும் குறைய வேண்டாம், அந்தத் தூணைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கக் கூடாதா என்றுதான் அன்று என்னால் கும்பிட முடிந்தது.

என் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னால் அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "சோடோ ந அம்மா, விட்டுடேன். அவ பாடட்டும். எனக்கு மேத்ஸ் டெஸ்ட் இருக்கு" என்பாள். அவளுக்கு வராத பொறாமையும் சேர்ந்து எனக்கே வந்துவிட்டதோ என்னவோ.

தினமும் விடியற்காலையில் மேலிருந்து சாதகம் கேட்கும். காலனி வீடுகளின் கூரை அப்படி, மேலே ஸ்பூன் விழுந்தால் கீழே கேட்கும். அவள் பாடுவது ஆறரைக் கட்டை. என் பெண்ணின் சுருதி. படத்தில் முகத்தை எடுத்துக்கொண்டது போதாது, சுருதியையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாத்திரத்தை டங்கென்று வைப்பேன். என் கணவர் பேப்பரை விட்டுத் தலை நிமிராமல், "அந்தப் பாட்டு பிடிக்கலைன்னா காதைப் பொத்திக்க வேண்டியதுதானே" என்பார்.

"பிடிக்காம என்ன, நல்லாத்தான் இருக்கு. அதுதான் கஷ்டம்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் திடீரென்று மேலிருந்து பாட்டு நின்றுபோனது. இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, பேசினால் காற்று மட்டும் வருகிறதாம். தொண்டை டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். இந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனிக்காரர் அவளை வைத்து பக்திப் பாடல் சிடி போடுவதாகச் சொல்லி, அடுத்த மாதம் ஸ்டூடியோவுக்கு நாள் குறித்திருந்தார். குரல் வராவிட்டால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"யக்கா, எல்லாம் கண்ணுதான். எத்தனை பேரு கண்ணு பட்டிருக்கும். நீங்க வந்து ஒருக்கா சுத்திப் போடுங்க. உங்க கைராசி இந்த பிளாக்குக்கே தெரியும்லா."

அந்த பிளாக்கில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இந்தப் பெண்ணின் மேல் யாருடைய கண் பட்டிருக்கும் என்று எனக்கல்லவா தெரியும். முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கல்லுப்பு, மிளகாய் வற்றல், கடுகு, பால் பூத் முக்கிலிருந்து ஒரு பிடி மண், எல்லாவற்றையும் கையில் மூடிக்கொண்டு மேலே போனேன்.

அந்தப் பெண்ணைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்தார்கள். கழுத்தில் மப்ளர். கண் மட்டும் பெரிசாகத் தெரிந்தது. முகம் அப்படி இளைத்திருந்தது. ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிச் சுற்றினேன். அக்கம்பக்கத்துக் கண்ணு என்கிற இடம் வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அதை முணுமுணுத்துவிட்டு அவளை மூன்று முறை துப்பச் சொன்னேன். பிறகு பழைய தோசைக்கல்லை கேஸில் வைத்துக் காயவிட்டோம்.

சுற்றிப் போடுவது தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. படாவிட்டால் ஊரைத் தூக்கும். மிளகாயை அதில் போடும்போது நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். முருகா, நெடி வரட்டும்.

வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள். அந்தப் பெண் இருமினாள், அவள் அம்மா இருமினாள், நான் முந்தானையை மூக்கில் அடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினேன். எதிர்வீட்டு சர்தார்ஜி படியில் நின்று, "பாபிஜி, எங்களையும் சேர்த்து வறுக்கிறீர்களா?" என்று ஹிந்தியில் கத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவள் அம்மா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "கண்ணும் இல்லைன்னா பின்ன என்னக்கா இது. எம்பிள்ளைக்குக் குரலே அம்புட்டுதானா. அன்னைக்குக் கோயில்ல இவ ஒருத்தியா உக்காந்து அம்புட்டு உசரத்துல பாடினாளே. இப்ப ஏன் வரமாட்டேங்கு."

அந்த 'இவ ஒருத்தி'யில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வாய்க்கு வந்துவிட்டது.

"ஒருத்தியா பாடினா? பாட்டை எடுத்தது எம்பொண்ணு. அது அவ சுருதி, ஆறரைக் கட்டை. உன் பொண்ணுக்கு அஞ்சு கட்டைதான். அன்னைக்கு ஒரு பாட்டுக்குக் கூட ஏறி வந்தா, சரி. அடுத்தவ சுருதியில ரெண்டு வருஷம் பாடினா தொண்டை கிழியாம என்ன செய்யும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் மட்டும் எழுந்து உள்ளே போய்ச் சுருதிப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அவள் பேசக்கூடாதே, அதனால் கையால் கேட்டாள், என் சுருதி இதில் எங்கே என்று. நான் குமிழைத் திருகி ஐந்து கட்டைக்கு இறக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தையே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சாதகமாக இல்லை. சில வாரங்கள் வாயை மூடி ஓய்வெடுத்த பின் குரல் மெல்லத் திரும்பியது. கம்பெனிக்காரரிடம் அவள் ஐந்து கட்டையில் பாடிக் காட்டினாள். மொபைலில் இருக்கும் குரல் மாதிரி இல்லையே என்று அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். பழைய சுருதியில் பாட முடியாது என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றாளாம். சிடி வேறொரு பெண்ணுக்குப் போனது. விழாக்களுக்குக் கூப்பிடுவதும் குறைந்தது. அவள் அம்மா படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். "நீங்க சொன்ன ஒரு வார்த்தைதான் யக்கா. கட்டிப் போட்ட மாதிரி ஆயிட்டுது எம்பிள்ளைக்கு" என்று ஒருநாள் சொல்லியே விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் பட்டுக் கெடாததை என் வாய் கெடுத்துவிட்டதே என்று கோயிலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மேலே சாதகம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பெண் கரோல்பாக்கில் ஒரு பாட்டு ஆசிரியையிடம் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஆரம்பப் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள் போல. சரளி வரிசையே மாதக்கணக்கில் கேட்டது. கார் இல்லை, பட்டுப்பாவாடை இல்லை. பஸ்ஸில் போய் வந்தாள். கூரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும், அந்தக் குரல் ஒவ்வொரு மாதமும் எப்படி விரிந்தது என்று. அப்போதும் எனக்கு எரிந்தது. முன்னாவது ஒரு பாட்டு, ஒரு படம், அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

மூன்று நான்கு வருஷம் கழித்து எங்கள் பக்கத்துத் தமிழ் மன்றத்தில் அவளுடைய முழுக் கச்சேரி. என் பெண் இழுத்துக்கொண்டு போனாள். மேல்வீட்டுப் பெண் இரண்டு மணி நேரம் பாடினாள். கடைசியில் யாரோ அந்தப் பழைய பாட்டைக் கேட்டார்கள். ஐந்து கட்டையில் எடுத்தாள். அன்று கோயிலில் உயரத்துக்கு ஏங்கி ஏங்கிப் போன சரணம், இன்று அவள் சொன்னபடி கேட்டது. பாடி முடித்துவிட்டு மைக்கில், "என் சுருதி எதுன்னு எனக்குச் சொன்னது எங்க கீழ்வீட்டு ஆன்ட்டி" என்றாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அவள் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் என் நல்ல மனசைப் புகழ்ந்தார்கள். எனக்குத் தரையில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டேன். "நல்லெண்ணத்துல சொல்லலம்மா. அன்னைக்குக் கோவத்துல, வயித்தெரிச்சல்ல வந்துடுச்சு."

அவள் சிரித்தாள். "தெரியும் ஆன்ட்டி. அதனாலதான் நம்பினேன். என் மேல பிரியமா இருந்தவங்க எல்லாரும் அதே மாதிரி பாடு, நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க."

இப்போது அவள் ஊர் ஊராகப் பாடுகிறாள். என் பெண் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள், வீட்டில் விளக்கேற்றும்போது மட்டும் அந்த ஆறரைக் கட்டையை எனக்காக எடுக்கிறாள். மேல்வீட்டுப் பெண்ணை டிவியில் பார்த்தால் இன்றும் எனக்குள் ஏதோ புகையத்தான் செய்கிறது. அதை எடுத்துவிடு என்று முருகனிடம் கேட்பதை விட்டுவிட்டேன். அது எரிகிற நேரத்தில் என் வாயில் வருகிற சொல் யாருடைய குரலையும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள் என்று மட்டும், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்டுக்கொண்டு வருகிறேன்.