மேற்குச் சுவருக்கு ஷீட் அடித்த ஆனி மாதம்

அனைவருக்கும் ஓர் அதிமுக்கிய அறிவிப்பு. இன்று காலை துடியலூரில், எங்கள் வீட்டு மேற்குச் சுவருக்கு அடித்த கலர் தகர ஷீட்டில் ஏறிய ஓணான் ஒன்று, வழுக்கி மூன்றே நொடியில் கீழே வந்து சேர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஓணான் தரப்பில் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

சிரித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அந்த ஷீட்டைப் பார்த்ததும் அது சுவரில் ஏறிய வருடம் ஞாபகம் வந்தது...

அப்போது நான் எட்டாவது. ஆனி பிறந்தால் என் ரூமில் ஈரச் சுண்ணாம்பு வாடை அடிக்கும். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று, சாரலை ஊசி போடுகிற மாதிரி சுவருக்குள் ஏற்றிவிடும். பெயின்ட் அப்பளமாய்ப் பொரிந்து உரியும். அதைக்கூடத் தாங்கலாம். சுவிட்ச் போர்டுக்குள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்குத்தான் பயம். ஒருநாள் தங்கை சுவரில் கை வைத்துவிட்டு, "அம்மா, சொவுரு சுர்ருங்குது" என்றாள். அம்மா அவளை இழுத்த இழுப்பில் கை சிவந்துபோனது.

அன்றைக்கே அப்பா முடிவு செய்துவிட்டார். சுவருக்கு வெளியே இரும்புச் சட்டம் அடித்து, அதன் மேல் ஷீட். சுருக்கமாகச் சொன்னால் வீட்டுக்கு ரெயின்கோட்.

வேலைக்கு வந்தவர் உக்கடத்து ரஃபீக் பாய். கூட ஒரு ஆள். மாடி உயரத்துக்குச் சாரம் கட்டினார்கள். வாசலில் சாத்தி வைத்திருந்த ஷீட்டை நான் பின்னாலிருந்து உலுக்குவேன். அசல் இடி. அம்மா பதறிப்போய் மிளகாய் வடகத்தை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார். இரண்டு முறை ஓடினார். மூன்றாம் முறை விளக்குமாற்றோடு என் பக்கம் ஓடிவந்தார்.

முதல் நாளே ஒரு வாக்குவாதம்.

"ஏனுங்க, காத்து தெக்குமூலையிலிருந்துதானுங்க வருது. வடக்குப்பக்கமிருந்து ஆரம்பிச்சுட்டு வந்தா ஷீட்டு ஓரமெல்லாம் வாய மூடிக்கும்" என்றார் பாய்.

அப்பா கேட்கவில்லை. "எங்கூட்டுல எந்த வேலையா இருந்தாலும் கன்னிமூலையிலதானுங்க ஆரம்பிக்கோணும். மொதக் கல்லு வெச்சதே அங்கதான்."

கன்னிமூலை என்றால் தென்மேற்கு. அதாவது காற்று நுழைகிற வாசல். அங்கே ஆரம்பித்தால், அடுத்தடுத்த ஷீட்டின் ஓரம் முந்தையதின் மேல் ஏறி உட்காரும்போது, காற்று வரும் திசையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பாய் இதைத் தன் இரண்டு உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கூடக் காட்டினார். அப்பா கோயிலில் நிற்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "உங்கூடு, உங்க இஷ்டமுங்க" என்று பாய் சாரத்தில் ஏறிவிட்டார்.

மறுநாள் கூட வரும் ஆளுக்குக் காய்ச்சல். மருதமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றார் பாய். இன்னும் ஒரே ஒரு ஷீட் மட்டும் போட்டுவிடலாம் என்றார் அப்பா. மொட்டை மாடியில் நின்று ஷீட்டின் தலையில் கட்டிய கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அப்பாவுக்குத் தோள்பட்டை வலி.

நான் இருக்கேனுங்க என்று காலரைத் தூக்கிவிட்டேன்.

பாய் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நான் சொல்ற வரைக்கும் கவுத்த உட்றாத கண்ணு."

கீழ் வரிசையில் இரண்டு ஸ்க்ரூ ஏறியிருக்கும். பக்கத்துத் தோப்பில் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. சத்தம் பிறகுதான் வந்தது. கைப்பிடிச் சுவரோடு நான் ஒட்டிக்கொண்டேன். நாங்கள் காற்று வாங்க நிற்கவில்லை, காற்றுதான் எங்களை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தது. திறந்த வாய்க்குள் அது புகுந்ததும் ஷீட் வயிறு ஊதி, தலைப்பக்கம் சுவரை விட்டு விலகி, பாயின் மேல் அப்படியே சாய்ந்தது. கயிறு உள்ளங்கையில் தீயாக ஓடியது. நான் விடவில்லை. முடிச்சுதான் கழன்றுவிட்டது.

பாயைக் காணோம். ஷீட்டின் ஓரத்தில் நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. விரல்களுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. கீழே அப்பா மெதுவாக, "பாய்... பாய்..." என்றார்.

சாரக் கம்பில் முதுகைக் கொடுத்து, ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார் அவர். அப்பா தோள்வலியோடு ஏறிப்போய்ப் பிடித்தார். காற்று அடங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அதற்குப் பிறகுதான் ஷீட்டைக் கழற்றி இறக்கினார்கள்.

பாய்க்கு வலது உள்ளங்கையில் ஏழு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியிலேயே அப்பா, "வடக்க இருந்தே ஆரம்பிச்சுருங்க பாய்" என்றாராம். பாய் கை ஆறி வந்து, கன்னிமூலை ஷீட்டையும் பிரித்துவிட்டுத்தான் மறுபடி அடித்தார்.

இப்போது ஆனிக் காற்று வெளியே நின்று கத்திவிட்டுப் போய்விடுகிறது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் தங்கை போன் சார்ஜ் போடுகிறாள். சுண்ணாம்பு வாடை போயே போச்சு. அப்போதெல்லாம் ஒரு மழை வந்தால் நாங்கள் நால்வரும் ஹாலில் ஒரே ஜமக்காளத்தில் ஒடுங்கிக் கிடப்போம்... இன்றைக்கு மழை வருவது ஆளுக்கொரு ரூமில் யாருக்கும் தெரிவதுகூட இல்லை.

காலேஜில் இந்தக் கதையை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று என் நண்பர்களுக்குத் தெரியும். கயிறு, தீ, உள்ளங்கை எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

மன்னிக்கணும் மக்களே. முடிச்சு கழலவில்லை.

தென்னைகள் சாய்ந்ததைப் பார்த்ததுமே, காற்று வந்து சேருவதற்குள் நான் கயிற்றை விட்டுவிட்டேன். அப்பா பைக்கை எடுக்கப் போன நேரத்தில், ரத்தம் சொட்டுகிற கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, ஷீட்டின் தலையில் இறுகியபடியே இருந்த அந்த முடிச்சை பாய் இடது கையால் அவிழ்த்துக்கொண்டிருந்தார். எப்படி ஆச்சு என்று அப்பா கேட்டபோது என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"முடிச்சு நான் போட்டதுதானுங்க" என்றார். "கழண்டுபோச்சு."