அருள்வரதனைப் பிடித்துக்கொடுத்த கலாராணி

பிலிமத்தலாவையில் ஒரு பெண்மணிக்கு யூடியூபிலிருந்து குற்றப்பத்திரிகை வந்ததாம். அவர் அழவில்லையாம், கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாராம். கண்டி பஸ் நிலையத்தில் இந்த வதந்தியைக் கேட்டபோது தண்டம் பத்து இலட்சமாக இருந்தது. பேராதனைப் பாலம் தாண்டுவதற்குள், பின்னிருக்கைக்காரர் ஒருவர் அதை ஐம்பது இலட்சமாக்கிவிட்டார். பஸ் கடுகண்ணாவை வரை போயிருந்தால் அந்தப் பெண்மணியைச் சிறையில் போட்டு மூடியிருப்பார்கள். நல்லவேளை, பிலிமத்தலாவை அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

'கலா வீடியோ' என்ற பலகை முனாப் நானாவின் பலசரக்குக் கடைக்கு மேலே தொங்குகிறது. மாடியைப் பற்றிக் கீழே விசாரிப்பதுதான் உலக வழக்கம்.

"வழக்கும் வந்தீக்காம், கேசரியும் வந்தீக்கி," என்றார் முனாப் நானா. "வழக்க நான் காணல்ல. கேசரி ரெண்டு தரம் வந்த. கஜு போட்டு."

பாதி வதந்தி அங்கேயே உறுதியாகிவிட்டது. மீதிப் பாதி மாடியில் ஒரு சட்டத்துக்குள் இருந்தது. மற்றக் கடைகளில் வியாபார அனுமதிப்பத்திரம் தொங்கும் இடத்தில், அந்தப் பெண்மணி கலாராணி, யூடியூபிலிருந்து வந்த அறிவித்தலை அச்சிட்டு, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். உங்கள் காணொளியில் பிறருக்கு உரிமையான இசை இருக்கிறது, ஆகவே அந்தப் பகுதியின் ஒலி நிறுத்தப்படுகிறது என்பது அதன் சாரம். கல்யாணத்துக்குத் திகதி பிடிக்க வருகிறவர்கள் அதை விருது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கலாராணி மறுப்பதில்லை.

கலாராணிக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். பதினெட்டு வயதில் பல்லேகல ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார். ஒன்பது வருடம் தரம் பார்க்கும் மேசையில் நின்றார். சட்டைக் கழுத்தின் தையலைப் பார்த்தே எந்தப் பிள்ளை தைத்தது என்று பெயர் சொல்லி அனுப்பிவிடுவாராம். பிறகு சேமலாப நிதியை எடுத்து ஒரு கணினி வாங்கி, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் தொழிலில் இறங்கினார். பத்தொன்பது வருடமாகிறது.

வீடியோவுக்கு இசை வேண்டும். பிரபலமான பாட்டைப் போட்டால் இணையத்தில் ஏற்றிய மறு நிமிடம் இயந்திரம் பிடித்துவிடும். கனடாவிலும் துபாயிலும் இருக்கும் உறவுகள் ஊமைக் கல்யாணம்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காகப் பழைய படங்களின் சீ.டி.க்களில் வசனம் இல்லாத இடங்களைத் தேடிப் பின்னணி இசையை உருவினார் கலாராணி. அப்படித்தான் அருள்வரதன் அகப்பட்டார்.

அருள்வரதன் யார் என்று கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது என்பதுதான் கதையே. பாட்டுகளுக்கு வேறொரு பெரியவர் இசை. பெயரும் மாலையும் அவருக்கு. வசனத்துக்கு அடியில் ஓடுகிற இசையைப் போட்டவர் இவர். ஒரே ஒரு படத்தில், எழுத்து ஓடும்போது ஊதுபத்திப் புகைக்குப் பின்னால், இரண்டு வினாடி மட்டும் 'பின்னணி இசை: அருள்வரதன்' என்று வந்து போகிறது. அந்த ஒரு படத்தை வைத்து இன்னும் பத்துப் படங்கள் அவருடையவைதான் என்று கண்டுபிடித்துவிட்டதாகக் கலாராணி சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். கூடவே வேலை செய்யும் கமராக்காரர் ஜெயராஜ் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"எப்படி அவர்தான்னு சொல்றீங்க?" என்று நானும் கேட்டேன்.

"காலர் தச்சது யாருன்னு தெரியுறவளுக்கு இது தெரியாதா சேர்? பெரிய ஆளு வந்தா அவரு சும்மா இருந்துருவாரு. தபால்காரன், சமையல்காரி, லொறி கிளீனர் வந்தாத்தான் வாசிப்பாரு."

கலாராணி தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வைத்தார். பதினொரு படங்கள், அறுபத்துமூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் காட்சி, எத்தனை வினாடி, எந்த வாத்தியம் எங்கே நிற்கிறது. படங்களின் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது; கலாராணிக்கு அவை 'லொறிப் படம்', 'தபால்காரன் படம்' மட்டுமே. மிகப் பிடித்தது, தபால்காரர் படியேறிப் போய் விலாசம் பிழையென்று திரும்பி இறங்குகிற இடம். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

"படத்துல அந்த ஆளு பொறகு வரவே மாட்டான் சேர். அவனுக்குப் போய் இப்படி ஒரு மியூசிக்."

ஆக, கண்டி மாவட்டத்தின் மணமகள்கள் பத்தொன்பது வருடமாக அந்தத் தபால்காரரின் இசைக்குத்தான் மண்டபத்துக்குள் நடந்து வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவது, லொறி பின்னால் எடுக்கும்போது வரும் புல்லாங்குழலுக்கு. மாமியார்களுக்கு, வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும் இசை. கம்பளை மாமியார் ஒருவர் அதைத் தன் தொலைபேசிக்குக் கேட்டு வாங்கிப் போனார்.

போன மாசியில் சிந்துஜா என்ற பெண்ணின் கல்யாண வீடியோவை ஏற்றிய அன்றே அறிவித்தல் வந்தது. தபால்காரர் இசை பிடிபட்டுவிட்டது. ஜெயராஜ் பதறினார்.

"அக்கா, மறுப்புப் போடுங்க. நம்ம சொந்த மியூசிக்னு எழுதிருவோம்."

கலாராணி அறிவித்தலைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். அங்கே இசையமைப்பாளர் என்ற இடத்தில் அருள்வரதன் என்று இருந்தது.

"ஏன்டா, இவ்வளவு வருஷமா அவரோடதுன்னு சொல்லிட்டு, இப்ப நம்மளோடதுன்னு எழுதவா?"

மறுப்புப் போடவில்லை. கேசரி போட்டார். அதோடு நின்றாரா? உரிமை கோரியவரின் மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து, 'ஐயா, ஒன்றைத்தான் பிடித்திருக்கிறீர்கள். என் யூடியூப் பக்கத்தில் இன்னும் நாற்பது வீடியோவில் அவருடைய இசை இருக்கிறது. தயவுசெய்து அவற்றையும் பிடிக்கவும்' என்று எழுதி, நாற்பதின் விபரத்தையும் இணைத்து அனுப்பினார். திருடிய பொருளுக்குச் சொந்தக்காரரைத் தேடிக் கொடுத்து, இன்னும் திருடியிருக்கிறேன் என்று பட்டியலும் அனுப்புகிற ஒருவரைக் கண்டி இதுவரை கண்டதில்லை.

பதில் அருள்வரதனின் மகளிடமிருந்து வந்தது, சென்னையிலிருந்து. அப்பா இல்லை. மூன்று படங்களின் ஒலிநாடாக்கள்தான் வீட்டில் மிஞ்சியிருந்தன. அவற்றை ஒரு நிறுவனத்தில் பதிவுசெய்ததில்தான் சிந்துஜா அகப்பட்டார். மற்றப் படங்களுக்கு ஆதாரம் இல்லை. இருப்பது அப்பாவின் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் சுரங்களும் வினாடிக் கணக்கும் உண்டு. எந்தப் படம், எந்தக் காட்சி என்று ஒரு வார்த்தை இல்லை.

ஒரு பக்கம் பெயரில்லாத வினாடிகள். மறு பக்கம் வினாடியோடு காட்சிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் தொலைபேசித் திரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜெயராஜ் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார், சிரிப்பதற்குத் தயாராக.

"நாப்பத்தேழு செகண்ட்னு ஒண்ணு இருக்குங்க," என்றார் மகள்.

கலாராணி கொப்பியைப் புரட்டவில்லை. "சமையல்காரி புடவை காயப்போடுறது. ரெண்டாவது கிளிப் குத்துறப்ப வீணை நிக்கும்."

சென்னையில் மகள் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "இங்க 'வீணை நிறுத்தம்'னு அப்பா எழுதியிருக்காரு," என்றது குரல்.

"அடுத்தத சொல்லுங்க."

மத்தியானம் வரை போயிற்று. அறுபத்துமூன்றில் அறுபத்தொன்று பொருந்தியது, பதினொரு படங்களிலும். நாற்பதாவதைத் தாண்டியபோது மகள் அழுதுகொண்டே வாசித்தார். கலாராணி அழவில்லை, தரம் பார்க்கும் மேசையில் அழுகிற பழக்கம் கிடையாது. ஜெயராஜ் எழுந்து கீழே போய் முனாப் நானாவிடம் ஒரு கிலோ ரவை கேட்டார். இரண்டாவது கேசரி அதுதான்.

இன்று அந்தப் பதினொரு படங்களின் பின்னணி இசையை இணையத்தில் தேடினால் அருள்வரதன் பெயர் வருகிறது. சென்னையில் இத்தனை பேர் இருந்தும், ஒரு இசையமைப்பாளருடைய படைப்புகளின் பட்டியல் பிலிமத்தலாவையில் பலசரக்குக் கடை மாடியில் தயாராகியிருக்கிறது. பொருந்தாத இரண்டைப் பற்றிக் கேட்டபோது, "அந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கும்," என்றார் கலாராணி. தன் காதில் பிழை இருக்கலாம் என்பதை அவர் விசாரணைக்கே எடுக்கவில்லை.

வெற்றிக்குக் கொடுத்த விலை, நாற்பத்தொரு கல்யாணங்களில் ஆங்காங்கே ஒலி போய்விட்டது. நாற்பது ஜோடிகள் பழைய தம்பதிகள்; வீடியோ பார்க்கும் காலத்தைத் தாண்டியவர்கள், கவனிக்கவில்லை. சிந்துஜா அப்படியில்லை. இசையைத் திரும்பப் போட்டுக்கொள்ளும்படி மகள் மனதாரச் சொல்லிவிட்டார். நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. வேறு இசை போட்டுக் கொடுக்கலாமே என்றால் கலாராணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சிந்துஜா அழைத்தார். கலாராணி ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, கடிதம் வந்துச்சா?"

"இல்லம்மா. இந்தக் கிழமை வந்துரும்."

"போன கிழமையும் அதத்தான் சொன்னீங்க. நான் வர்ற எடத்துல ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட் சத்தமே இல்ல. எங்க மாமி வர்ற எடத்துல மட்டும் எப்படிக்கா மியூசிக் அப்படியே இருக்கு?"

வட்டிக்காரர் இசை பொருந்தாத இரண்டில் ஒன்று. கலாராணி கூரையைப் பார்த்தார்.

"அது இன்னும் யாரோடதுன்னு முடிவாகலம்மா," என்றார்.