கடலில் ஆள் இருக்கும்போது

கடலூர் துறைமுகத்தில் என்னைத் தெரியாதவன் கிடையாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், யார் தயவும் இல்லாமல் மூன்று விசைப்படகு வாங்கினேன். ஆனாலும் நேற்று சிதம்பரம் ஆஸ்பத்திரியில், மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனதும் கதவருகே பெஞ்சில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் மகன் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தான். "எழவு, டவரே இல்லப்பா" என்றான். சட்டென்று அவன் வாயைப் பொத்தினேன்.

எழவு என்றால் சாவு. துக்கம் கேட்கப் போவதை எழவுக்குப் போவது என்றுதான் சொல்வோம். நான் பிறந்த ஊரான கிள்ளையில் சின்ன எரிச்சலுக்கும் அதுவே வாயில் வரும். என் அம்மாவும் சொல்வாள், அப்பா கரையில் இருக்கும்வரை. ஆம்பளைகள் கடலுக்குப் போய்விட்டால் எங்கள் தெருவில் ஒரு பெண்ணும் அந்தச் சொல்லை எடுக்கமாட்டாள்.

என் சின்ன வயதில் ஒருநாள் காற்று பலமாக வீசியது. அப்பா இன்னும் திரும்பவில்லை. ஈர விறகு புகைந்து கண் எரிய, "எழவு அடுப்பு" என்றேன். மீன் கவிச்சி அடிக்கும் கையால் அம்மா என் வாயை அடைத்தாள்.

"அப்பா கடல்ல இருக்காருடா. நல்லாயிருன்னு திட்டு."

"அடுப்பையா?"

"அடுப்பத்தான்."

திட்டினேன். பொழுது சாயுமுன் அப்பா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்.

"இன்னாப்பா, போனத் திட்டக் கூடாதா?" என்றான் மகன், என் கையை விலக்கி.

"திட்டு. உங்கம்மா வெளிய வர்ற வரைக்கும் நல்லாயிருன்னு திட்டு."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் போனைப் பையில் போட்டுவிட்டு, மூடிய கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"நல்லாயிரு."