பக்கீர் பெருநாளுக்குப் போன நாள்

ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு ஆண்கள், ஒரே வேலைத்தலத்தில், ஆறு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? அதில் ஒருவரைக் கட்டியவள் நான். எனக்கு நம்பாமல் இருக்க வழியில்லை.

என் வீட்டுக்காரர் பத்திநாதன் பாலையூற்று மாதா கோயிலடியில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் பெயின்ற் அடித்தார். அவன் கப்பலேறிய பிறகு இரண்டு வருடம் வேலையில்லாமல் அலைந்து, கடைசியில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒரு இடம் பிடித்தார். பிறகு ஆட்களிடம் கெஞ்சிக் கூத்தாடித் தம்பி சூசைப்பிள்ளையையும் அங்கேயே சேர்த்துவிட்டார். அந்தத் தம்பி என்ன செய்தான்? மெதடிஸ்த சபைப் பிள்ளை ஒருத்தியை விரும்பி, அவர்களுடைய கோயிலிலேயே போய்க் கலியாணம் முடித்தான். "இனி இந்த வாசல் படலையைத் தாண்டாதை" என்றார் இவர்களின் தாய், என் மாமி. அவனும் தாண்டவில்லை. நாலாம் மாதம் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. "எல்லாம் அவனாலைதான்" என்றார் இவர். அன்றோடு அண்ணன் தம்பி கதை பேச்சு நின்றது.

ஆனால் அந்த வேலையை வாய் திறக்காமல் செய்ய ஏலாது. மழைகாலத்தில் தாங்கிக்குள் நீர் இறங்கி எண்ணெய்க்கு அடியில் தேங்கும். அடி வால்வைத் திறந்து, நீரெல்லாம் ஓடி எண்ணெய் தலைகாட்டும்வரை பக்கத்திலேயே நின்று, கண்டவுடன் பூட்டவேண்டும். இடையில் ஆள் மாறினால், போகிறவர் வருகிறவரிடம் வாயால் சொல்லி ஒப்படைக்கவேண்டும். இவருக்குக் காலை வேலை, தம்பிக்குப் பின்னேரம். இரண்டு மணியானால், பம்ப் பார்க்கிற கிண்ணியாப் பக்கீர் இருவருக்கும் நடுவில் வந்து நிற்பார். "அண்ணன் சொல்றார், ஏழாம் தாங்கி ஓடுதாம்" என்பார். திரும்பி, "தம்பி சொல்றார், சரியாம்" என்பார். இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறவர்களுக்கு! "நோம்போட ஒங்கட மாப்பிள்ளைக்காகக் கத்தி எனக்குத் தொண்டை வறளுது, தங்கச்சி" என்று என்னிடமே ஒருநாள் சொல்லிச் சிரித்தார். இவருக்கு வெட்கம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

அறுபத்தெட்டாம் ஆண்டு மார்கழியில் நோன்புப் பெருநாள் வந்தது. பக்கீர் லீவு. உலகத்துக்கே தெரிந்த இந்த விஷயத்தை இவர்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை, பாருங்கள்.

அந்தக் கிழமை மாமிக்குக் கடுமை. படுக்கையில் கிடந்து வந்த முதுகுப் புண் வாய்வைத்துவிட்டது. மூன்று நாளாக நானும் இவரும் நித்திரையில்லாமல் மாறி மாறிப் புரட்டினோம். பெருநாளன்று மூன்று மணிக்குப் பங்குச் சுவாமியார் அவஸ்தை பூச, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அந்தத் தைலத்தோடு வருவதாக ஏற்பாடு. "ரெண்டு மணிக்குப் பிறகு ஒரு நிமிசமும் நிக்காமல் ஓடி வாங்கோ" என்று சொல்லி அனுப்பியவளும் நான்தான்.

நனைந்து ஊறி வந்து சேர்ந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தேன். சுவாமியார் பாவசங்கீர்த்தன மந்திரத்தைத் தொடங்கினார். "என் பாவமே, என் பாவமே" என்று நெஞ்சில் மூன்று தரம் தட்டவேண்டிய இடத்தில் இவர் இரண்டு தரம் தட்டினார். மூன்றாம் தரம் கை எழவில்லை.

"என்னங்கோ?" என்றேன்.

"வால்வ் திறந்தபடி கிடக்குது. நான் சொல்லேல்லை."

"சூசை வரேல்லையே?"

"வந்தவன், கண்டனான். பக்கீர் சொல்லுவார் எண்டு சைக்கிளில ஏறிட்டன். ஐயோ, பக்கீர் எங்கை இண்டைக்கு!"

நீர் தீர்ந்தால் எண்ணெய்தான் பாயும். அது பரவிய இடத்தில் ஒரு பொறி போதும். அங்கே அறிவிக்கலாமென்றால், சுவாமியாரின் கோயில் வீட்டு ரெலிபோன் மழைக்கு மூன்று நாளாகச் செத்துக் கிடந்தது. "தம்பி அதுக்குள்ள நிக்கிறான்" என்றார் இவர். தம்பி என்ற சொல்லை அந்த வாயில் நான் ஆறு வருடமாகக் கேட்டதில்லை. செருப்புக்கூடப் போடாமல் மழைக்குள் ஓடிவிட்டார்.

நான் உடைந்துபோனேன். சுவாமியார் முன்னால் நிற்கிறேன் என்றும் பாராமல் கத்தினேன். "எனக்கு ஏலாது சாமி! இந்த மனிசி செத்தாலும் பரவாயில்லை எண்டு நேற்று நினைச்சனான். இப்ப வேலையும் போகுது, சிலவேளை உயிரும் போகுது. எந்த வாயால நான் செபிக்கிறது?" மாமி கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். அவருக்குக் காது நல்ல காது. சொன்னதை நான் இனி விழுங்க முடியுமா?

சுவாமியார் மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். அங்கியின் கைகளை மடித்துவிட்டார். "முதல்ல அம்மாவைப் புரட்டுவம். நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கோ" என்றார். புண்ணைத் துடைத்தபோது முகம் சுளிக்கவில்லை. பிறகு சொன்னார். "ஏலாது எண்டுறது செபமில்லை எண்டு ஆர் சொன்னது? சிலுவைக்குப் போக முந்தின ராத்திரி பூங்காவனத்தில ஆண்டவரும் அதைத்தானே கெஞ்சினவர்? கூடப் போன சீஷர்கள் நித்திரை. நீங்களும் அதையே சொல்லுங்கோ பிள்ளை. அவர் முழிச்சிருக்கிறார்."

அவஸ்தை பூசிவிட்டு அவர் போன பிறகும் நான் முழந்தாளில்தான் நின்றேன். "ஏலாது ஆண்டவரே, ஏலாது." வேறொன்றும் வாயில் வரவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்குள் நான் தனியே இல்லை என்று தெரிந்தது. அழுகை வந்தது. ஆறு வருடத்தில் நான் ஆறுதலாக அழுதது அன்றைக்குத்தான்.

அங்கே நடந்ததைப் பிறகு இருவரிடமும் தனித்தனியே கேட்டுத்தான் ஒட்டவைத்தேன். சூசை எண்ணெய் நாற்றத்தை மோப்பம் பிடித்து ஓடிப்போய், கணுக்கால் அளவு எண்ணெயில் நின்று வால்வைப் பூட்டியிருக்கிறான். தாங்கிகளுக்குப் பொறுப்பான பெரியவர் வந்து யாருடைய பிழை என்று குதித்துக்கொண்டிருந்தார். இவர் மூச்சு வாங்கப் போய் இறங்கியபோது தம்பி சொல்வது கேட்டதாம்.

"அண்ணை சொல்லிட்டுத்தான் ஐயா போனவர். நான்தான் கவனிக்கேல்லை."

"பொய் ஐயா!" என்றாராம் இவர். "நான் சொல்லேல்லை. அம்மாவுக்கு அவஸ்தை எண்டு ஓடிட்டன். பிழை என்ரை."

"இல்லை ஐயா, சொன்னவர்."

"அவனுக்கு விசர் ஐயா, மூளை பிசகிப்போச்சு!"

அப்போதும் இரண்டு மாடுகளும் ஒன்றையொன்று பார்க்கவில்லையாம். ஐயாவின் முகத்தைப் பார்த்துத்தான் சண்டை! விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் வாசலை மிதிக்கக்கூடாது என்று அவர் துரத்திவிட்டார். தை மாதம் திரும்ப எடுத்தார்கள். ஆனால் அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாதே.

பொழுதுபடும் நேரம் இரண்டு சைக்கிள்கள் ஒன்றின்பின் ஒன்றாக வந்தன, பேச்சில்லாமல். இவர் உள்ளே வந்தார். சூசை படலையில் நின்றுவிட்டான்.

"உள்ளை வா" என்றேன்.

"அம்மா வராதை எண்டவ, அண்ணி. அவ கூப்பிட்டால்தான் வருவன்."

எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. "அவவுக்கு வாய் இல்லையடா! எந்த வாயால கூப்பிடுவா? அவவைப் புரட்டுற நேரம். எனக்குக் கை விட்டுப்போச்சு. ரோசத்தை மதிலில வைச்சிட்டு வந்து பிடி!"

வந்தான். எண்ணெய் நாற்றத்தோடு கட்டிலருகில் குனிந்து தாயின் தோளுக்கடியில் கைகொடுத்தான். மாமியின் இடக்கை எழும்பியது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. சத்தமில்லாமல் கண்ணீர் காதுப்பக்கமாக ஓடியது. அவனும் "அம்மா, அம்மா" என்றபடி குனிந்தே நின்றான். மாமியின் கையை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவர் போய் இருக்கக் கதிரையொன்றைத் தூக்கிவந்து தம்பிக்குப் பின்னால் வைத்தார்.

"இருடா" என்றார். "குனிஞ்சே நிண்டால் முதுகு நாரி நோகும்."

"ஓம் அண்ணை" என்றான் அவன்.