சாரல் நாளில் சற்றே தொய்கிறது

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலம் முழுவதும் என் கையால் யாருக்கும் அறுபதுக்கு மேல் மார்க் விழுந்ததில்லை. அறுபது என்றால் முதல் வகுப்பு. தமிழில் அதற்கு மேல் வாங்குகிறவன் ஒன்று பார்த்து எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் திருத்தியவருக்குக் கண் சரியில்லை என்று நினைத்திருந்தேன். பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'அறுபது'. நான் வராந்தாவில் வந்தால், "ஏலே, அறுபது வருதுலே" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்கும். எனக்குக் கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. போட்ட மார்க்கை யாருக்காகவும் மாற்றாதவன் என்றும் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதையும் பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. ஆசை என்னவோ பழையதுதான். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்கும்போது மேஜை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பேன். முன் பெஞ்சில் இருப்பவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே பழக்கம். "தட்டுனது போதும், சாப்பிட வாங்க" என்பாள் மனைவி. அப்படிச் சொல்ல ஆளில்லாமல் போன பிறகு, பெங்களூரில் இருக்கும் மகன் என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக்கொடுத்து, இதிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

தேடியதில் செங்கோட்டைப் பக்கத்துப் பட்டறை ஒன்று வந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் என் வீடு. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் செங்கோட்டை. நேரில் போய்த் தட்டிப் பார்த்து வாங்கியிருக்கலாம். நான் நாற்காலியில் உட்கார்ந்து, வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன்.

எல்லாம் ஐந்து நட்சத்திரம். 'சூப்பர்', 'வேற லெவல்', 'டெலிவரி அருமை'. நாதம் என்ற சொல்லை மூன்று பேர் 'நாதாம்' என்று எழுதியிருந்தார்கள். ஒரே அறையில், ஒரே பிட்டைப் பார்த்து எழுதிய விடைத்தாள்கள் போல இருந்தன. ஒருத்தி மட்டும், தோலை இழுத்துக் கட்டும் வாரில் ஓர் இடம் சீராக இல்லை, இருந்தாலும் மகன் கீழே வைக்க மாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தாள். குறை சொன்னவளைத்தான் நம்பினேன். அவளுக்காகத்தான் வாங்கினேன்.

மிருதங்கத்தைச் செய்தவரே பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய ஆள். நெடுநெடுவென்ற உயரம், இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். "கொரியர்ல போட்டா அது மதுரைக்குப் போயி, ஊரெல்லாம் சுத்தி உங்க வீட்டுக்கு வரும் சார். அதுக்குள்ள நான் ரெண்டு தடவ வந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருவேன்" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன். பட்டாளத்தில் பேண்டு வாத்தியத்தில் டிரம் அடித்தவர், இடுப்பில் அடிபட்டு ஊர் திரும்பியவர் என்று தெரிந்தது. மிருதங்கம் செய்வது மனைவி வீட்டுத் தொழில். தோலை மூட்டாகத் தைப்பது, ஆப்பில் விற்பது எல்லாம் மனைவி. கட்டை, வார், சுருதி இவர் பொறுப்பு. "டிரம் அடிச்ச கை சார். மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் மிருதங்கத்தத் தொடுதேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டிக் காண்பித்தார். வலப்பக்கத் தோலில், வலந்தலையில், விழுந்த அடி என் சமையலறை வரை போய்த் திரும்பியது.

கிளம்பும்போது, "ரெண்டு வரி எழுதி விடுங்க சார். நீங்க தமிழ் புரொபசராம்லா. எனக்கு எழுதுதது எல்லாம் என் மச்சினன்தான். அவனுக்கு நாதம்னே எழுத வராது" என்றார்.

ஆனி மாதம். சாரல் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் கதவு வீங்கி நிலையில் முட்டும், உப்பு ஜாடியில் தண்ணீர் கோக்கும், பொரித்த அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் நமத்துப்போகும். மிருதங்கத்தின் தோல் மட்டும் எப்படி விறைப்பாக இருக்கும்? ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். நானும் குறையாக எழுதவில்லை. மிக நல்ல விடைத்தாளிலும் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதாமல் எனக்குக் கை நிற்காது. அந்தப் பழக்கம். குறை சொன்னால்தான் நம்புவார்கள் என்பதையும் நானே அனுபவித்திருந்தேன். அடித்து அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி எழுதினேன்:

'கட்டை தேர்ந்த பலா. வலந்தலையின் நாதம் நெடுநேரம் நிற்கிறது. இடப்பக்கத்தில் நல்ல கார்வை. சாரல் நாளில் சற்றே தொய்கிறது. கற்போருக்கும் கற்றோருக்கும் ஏற்றது.'

'சற்றே' என்ற சொல்லை வைத்ததில் எனக்கு அவ்வளவு திருப்தி. பிறகு நட்சத்திரம் கேட்டது. ஐந்துக்கு மூன்று போட்டேன். நூற்றுக்கு அறுபது.

நான் எழுதியது பயனுள்ளதாக இருந்தது என்று பலர் அழுத்தியிருக்கிறார்கள் போலும், அது எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. மகன் போனில் அதைச் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. "ஆனா மூணுதான் போட்டிருக்கீங்க" என்றான். முதல் வகுப்புடா என்றேன். சிரித்தான். பிறகு, "அங்க கணக்கு வேறப்பா. மூணுன்னா மட்டம்னு அர்த்தம்" என்றான். நான் அவன் பையனின் படிப்பைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றினேன். ஆக, தெரியாமல் செய்தேன் என்று இனி நான் சொல்ல முடியாது.

ஆடி பிறந்து சில நாளில் மிருதங்கம் செய்தவர் மனைவியோடு வந்தார். இருவர் தலையிலும் சாரல் பூப்பூவாக நின்றது. துண்டு எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்ணை எங்கோ பார்த்ததாகத் தோன்றியது. "உங்க கிளாஸ்ல ரெண்டாவது பெஞ்சு சார்" என்றாள். அவர் உடனே, "இவளுக்கு ஐம்பத்தெட்டு போட்டீங்களாம். என் மிருதங்கத்துக்கு அறுபது. வீட்டுல அதச் சொல்லியே நான் பொழப்ப ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். நானும் சிரித்தேன். அதோடு சிரிப்பு முடிந்தது.

விஷயத்தை அவள்தான் சொன்னாள். சிங்கப்பூரில் ஒரு பாட்டு வகுப்புக்காரர்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து மிருதங்கம் கேட்டிருந்தார்கள். அதை நம்பிப் பலாக்கட்டையும் தோலும் வாங்கிப் போட்டாயிற்று. இப்போது அந்த வகுப்பு நடத்துகிற பெண்மணி, மேலே நிற்கிற என் வரிகளைக் காட்டி, யோசிக்க வேண்டும் என்கிறாராம். உள்ளூர் ஆட்கள் கேட்பதும் நின்றுபோயிருந்தது. இந்தச் சிங்கப்பூர் வேலையும் கை நழுவினால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"எனக்குத் தெரியும் சார், நீங்க அறுபது போட்டா அது முதல் கிளாஸ்னு. சிங்கப்பூர்ல இருக்குத அந்தம்மாவுக்கு எப்படி சார் தெரியும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அது நியாயம் என்று பட்டது. ஆனால் நான் சொன்ன பதில் இது: "போட்ட மார்க்க நான் மாத்துனதில்லம்மா. உனக்கே தெரியும்."

அவள் விடவில்லை. "சரி சார், மார்க் இருக்கட்டும். அதுக்குக் கீழ ஒரு கேள்வி..." என்று ஆரம்பித்தாள். வகுப்பில் செய்வது போல் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினேன். அவளும் வகுப்பில் போலவே நிறுத்திக்கொண்டாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த நேரத்தில் நான் என்னை மெச்சிக்கொண்டேன். வயதாகியும் வளையவில்லை என்று.

அவர் எழுந்து போய் மூலையில் இருந்த என் மிருதங்கத்தைத் தூக்கி மடியில் வைத்துத் தட்டினார். "தொஞ்சிருக்கு" என்றார். பைக்கிலிருந்து கல்லையும், புல்லு என்கிற மரக்கட்டையையும் எடுத்து வந்து, சுற்றிச் சுற்றித் தட்டி, சுருதி சேர்த்து வைத்தார்.  "வாறோம் சார்" என்று கிளம்பினார்கள். வாசல் கதவு வீங்கியிருந்ததால் அவர்தான் தோளால் தள்ளித் திறந்தார்.

சிங்கப்பூர்க்காரர்கள் வேறு ஊரில் வாங்கிக்கொண்டார்கள். பட்டறை ஒரேயடியாக மூடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அவர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு மரக்கடையில் காவலுக்குப் போனார். வாரத்துக்கு ஒரு தடவை பைக்கில் வீட்டுக்கு வருவார். இதெல்லாம் குற்றாலம் ரோட்டு டீக்கடையில் காதில் விழுந்தவை. நானாகப் போய் விசாரிக்கவில்லை.

அடுத்த வருடம், மறுபடி சாரல் பிடித்த சமயத்தில், டீக்கடைக்காரர் சொன்னார். "அண்ணாச்சி, உங்க வீட்டுக்கு மிருதங்கம் கொண்டாந்தாரே பட்டாளத்துக்காரரு, ஊருக்கு வாற வழியில ஆரியங்காவு எறக்கத்துல லாரி அடிச்சிட்டாம். ஆளு அங்கனயே போயிட்டாரு." வழுக்கியிருக்கும் என்றார் பக்கத்தில் இருந்தவர். இந்த ஈரத்தில் அந்த ரோட்டில் யார் பைக் ஓட்டச் சொன்னது என்றார் இன்னொருவர். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

துட்டி விசாரிக்கப் போகவில்லை. வீட்டுக்கு வந்து போனைத் திறந்து, மூன்றை ஐந்தாக்கினேன். சாரல் வரியை எடுத்துவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போட்ட மார்க்கை மாற்றுவது அவ்வளவு லேசான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகுதான் செங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். முன்பே போயிருக்க வேண்டிய அதே பஸ். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. அதுதான் பட்டறை. மலையாளத்து வியாபாரி ஒருவர் மீதிக் கட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் ஐந்தாக மாற்றிவிட்டதைச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் போயிருந்தேன் என்பது, சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"பாத்தேன் சார்" என்றாள். "அன்னைக்கு மாத்தியிருந்தாலும் அது பொய்தான். உங்க கணக்குல அது அறுபதுதானே. ஆனா அன்னைக்கு எங்களுக்கு அந்தப் பொய் வேண்டியிருந்துச்சு. இப்ப வேண்டாம்."

 வெளியே வேனில் கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் வந்தது. வெறும் கட்டைதான், தோல் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் மோதியது.

"மார்க்க விடுங்க. அந்தக் கேள்விக்காவது நீங்க பதில் போட்டிருக்கலாம் சார். அவரு காலையில எந்திரிச்சதும் அதத்தான் பாப்பாரு. 'சார் தமிழ் வாத்தியாருட்டி, கேள்விய அப்படியே விட மாட்டாரு'ன்னு சொல்லுவாரு."

எந்தக் கேள்வி என்று நான் கேட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் நடிக்கவில்லை என்பது புரிந்திருக்க வேண்டும். அது அவளை இன்னும் சோர்வாக்கியது போல இருந்தது. "நீங்க எழுதுனதுக்குக் கீழ இருக்கும். தொட்டாத் தொறக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேன்காரரிடம் பேசப் போய்விட்டாள்.

பஸ்ஸில் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நான் எழுதியதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. எத்தனையோ நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் பயனுள்ளது என்று அழுத்தினார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த வரியைத் தொட்டதே இல்லை. தொட்டதும் விரிந்தது. சிங்கப்பூர் அம்மாள் எழுதியிருந்தார்:

'ஐயா, நீங்கள் சாரல் நாள் என்று சொல்வது எது? எங்கள் ஊரில் வருடம் முழுவதும் மழைதான். பிள்ளைகளுக்காக வாங்குகிறோம். இது குறையா, எல்லா மிருதங்கத்துக்கும் உள்ளதா? நீங்கள் சொன்னால் வாங்குகிறோம்.'

அதற்குக் கீழே பட்டறையின் பெயரில் ஒரு பதில்: 'எல்லா மிருதங்கமும் ஈரத்தில் அப்படித்தான் மேடம். சுருதி சேர்த்துக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும்.' அதற்கும் கீழே அந்த அம்மாள்: 'நன்றி. ஆனால் இதை வாங்கியவரே சொல்லட்டும்.'

அவ்வளவுதான். பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. தேதியைப் பார்த்தேன். அவர்கள் இருவரும் என் வீட்டுக்கு நனைந்து வந்ததற்கு முந்தைய வாரம்.

மார்க்கை மாற்றச் சொல்லி அவர்கள் வந்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அம்மாள் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாரல் என்றால் என்ன என்று கேட்டிருந்தார். வாழ்நாளெல்லாம் சொல்லுக்குப் பொருள் சொல்லிச் சம்பளம் வாங்கியவனிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தியது அந்தக் கேள்வியைத்தான்.

அன்றைக்கும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்தேன். தொய்ந்திருந்தது. சுருதி சேர்த்துக் கட்ட எனக்குத் தெரியாது. போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, இரண்டு தடவை அழித்துப் பதில் எழுதினேன்:

'சாரல் என்பது எங்கள் ஊரில் ஆனியிலும் ஆடியிலும் காற்றோடு வருகிற ஈரம். அப்போது கதவு வீங்கும், உப்பு கசியும், அப்பளம் நமத்துப்போகும். எந்தத் தோலும் தொய்யும். இந்த மிருதங்கத்தில் ஒரு குறையும் இல்லை. தாராளமாக வாங்கலாம்.'

அனுப்பினேன். பதிவாகிவிட்டது என்று வந்தது. திரை மேலே நகர்ந்து மிருதங்கத்தின் படத்துக்குப் போய் நின்றது. படத்துக்குக் கீழே 'தற்போது இருப்பில் இல்லை' என்று இருந்தது.