மூன்றில் இரண்டு வெள்ளை

வேப்பனப்பள்ளியைத் தாண்டி ஒரு மைல் நடந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது. செருப்பு கோயில் வாசலில் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். ஜூன் மாத வெயில், தார் ரோடு, பதினாலு வயது. சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் சூடு கொஞ்சம் குறைவு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகிரி பக்கமாக நடந்தேன். அப்பா அறைந்த இடது கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பின் எத்தனையோ ஊர்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். அட்டிபெலே, திருப்பூர், சித்தூர். எதிலிருந்தும் இவ்வளவு கோபத்தோடு கிளம்பியதில்லை.

எல்லாம் ஒரு தாளால் வந்தது. நாங்கள் ஓசூரில் லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அதே கம்பெனியில் பர்மனென்ட். அப்பாவை உள்ளே சேர்த்துவிட்டவரும் அவர்தான். வாரத்துக்கு ஒருமுறை அதை ஞாபகப்படுத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நான் ஒன்பதாவது சேர்ந்த வாரம், பள்ளியில் கணக்குக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் பேட்ச் தொடங்கினார்கள். அதில் சேர்பவர்கள் ஒன்பதாவது கணக்கை ஆயுத பூஜைக்குள் முடித்துவிட்டுப் பத்தாவதைத் தொடங்க வேண்டும். பத்தாவதில் உட்கார்ந்துகொண்டு பதினொன்றாவதைப் படிக்க வேண்டும். வகுப்புக்கு ஆறு பேர். கணக்கு மிஸ் பெயர்களைப் படித்தபோது மூன்றாவதாக என் பெயர் வந்தது. அதற்கு முன் என் பெயர் ஒரு பட்டியலில் இருந்ததென்றால் அது ரேஷன் கார்டில்தான்.

எனக்கு ஆசையாக இருந்தது என்று சொன்னால் போதாது. அடுத்த வீட்டு அக்காவின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பாதிவரை நானே போட்டு முடித்திருந்தேன். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. டிவி ஓடும், தங்கச்சி கத்துவாள், பக்கத்துச் சுவரில் சண்டை நடக்கும். கணக்குப் போடும்போது மட்டும் எதுவும் காதில் விழாது. வேறு எந்த வேலையிலும் எனக்கு அப்படி ஆனதில்லை, இன்றுவரை.

பள்ளியில் கொடுத்த சம்மதத் தாளில் திங்கட்கிழமைக்குள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஷிப்ட் முடிந்து வந்து தாளைப் படித்தார். மறுநாளும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சனிக்கிழமை மாமா வந்துவிட்டார்.

"இன்னும் என்னா மாப்ள யோசன? பையனுக்கு மூள இருக்குது. கையெழுத்தப் போடுங்க."

"பாக்கலாம் மச்சான்."

"எதப் பாக்கறது? உங்களாட்டமே அவனையும் கான்ட்ராக்டுல நிக்க வெக்கப் போறீங்களா?"

அப்பாவின் முகம் சுருங்கியது. அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊர்ல அம்மாகிட்ட ஒரு பூ கேட்டுரலாம்."

அப்பாவின் ஊர் வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம். எங்கள் குலதெய்வம் அங்கே ஒரு பாறைமேல் இருக்கிறாள். பெண் எடுப்பது, போர்வெல் போடுவது, எதுவானாலும் பூ கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாகத் தாளில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரே தடவை, அதோடு பேச்சு முடிந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. பூவைக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். மாமாவும் வந்தார். ஐந்து வயதுத் தங்கச்சிதான் பொட்டலம் எடுத்தாள். பூசாரி பிரித்துக் காட்டினார். வெள்ளை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றார் அப்பா.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வாட்டிதானப்பா வழக்கம்."

"படிப்பு விசயம். மூணு வாட்டி கேக்கட்டும்."

"திரும்பத் திரும்ப மனு குடுக்க இது என்னா தாலுகா ஆபீசா?" மாமா சிரித்தார். "அம்மாவே சொல்லியும் மாப்ள நம்ப மாட்டேங்கறாரு."

இரண்டாவதும் வெள்ளை. தங்கச்சிக்கு விளையாட்டுப் பிடித்துப்போய் மூன்றாவதை ஓடிப்போய் எடுத்தாள். சிவப்பு.

அப்பா சட்டென்று கை கூப்பினார். "வேணாங்கறா. ஆச்சு, கெளம்பலாம்."

"ரெண்டு வெள்ளப்பா!" என்று கத்தினேன். "மூணுல ரெண்டு வெள்ள!"

அறை விழுந்தது. "அம்மா எதிர்லயே கணக்குப் பேசறியாடா?"

"நான் தப்பா எடுத்துட்டனா?" என்று தங்கச்சி எல்லோரிடமும் கேட்டாள். நான் பாறையைவிட்டு இறங்கி நடந்தேன். பின்னால் அம்மா கூப்பிட்டது கேட்டது. கோபித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தத் தாளின் மேல் பாதியை மட்டும்தான் நான் ஊன்றிப் படித்திருந்தேன். என் பெயர் அங்கேதான் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில், கண்ணில் பட்டும் நான் பொருட்படுத்தாத இன்னொரு வரி உண்டு. மூன்று மாதத்தில் போதிய முன்னேற்றம் இல்லையென்றால் பள்ளி எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன், அது மாற்றுச் சான்றிதழாக இருந்தாலும் சம்மதம். அப்பா பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அதே மாதிரி ஒரு வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். பதினோரு மாதம் முடிந்ததும் வெளியே வந்து, கம்பெனி கேட் அருகே ஒரு வாரம் நின்று, கூப்பிட்டால் மறுபடி உள்ளே போவார். மறுபடி கூப்பிடப்படாதவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். அந்த வரியில் என் பெயரையும் எழுத அவருக்குக் கை வரவில்லை. பயமாயிருக்கிறது என்று மாமா முன்னால் சொல்ல வாயும் வரவில்லை. பாரத்தை அம்மன் தலையில் வைக்கப் பார்த்தார். அவளோ இரண்டு தடவை ஒத்துழைக்கவில்லை.

இதெல்லாம் பல வருடம் கழித்து, அட்டிபெலேயில் ஒரு குடோன் வேலைக்கு அப்படியொரு தாளில் நான் கையெழுத்துப் போட்டபோதுதான் புரிந்தது. புரிந்ததால் கோபம் போய்விடவில்லை. பதினாலு வயதுப் பையனுக்குக் கான்ட்ராக்ட் எழுதிய அந்தப் பள்ளியை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது. அப்பாவும் என்னை உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம்: "தாக்குப் பிடிப்பியாடா?" பிடிப்பேன் என்று சொல்லியிருப்பேன். பிடித்தும் இருப்பேன்.

சாலையில் மாங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. டிரைவர் தெலுங்கில் கேட்டு, கன்னடத்தில் கேட்டு, கடைசியில் தமிழில் "ஊமையாடா நீ?" என்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்காய் மண்டியில் இறக்கிவிட்டார். அன்றைக்கு அங்கேயே சாக்கின்மேல் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் மண்டிக்காரர் என்னைப் பார்த்தார். யாராவது கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொன்னார். பிறகு மேசைமேல் கிடந்த நோட்டைத் தட்டிக் காட்டினார்.

"கணக்கு வருமாடா? வந்தா இங்க ஒக்காந்து லோடு எழுது. வராட்டி அங்க போயி காய் பொறுக்கு."

"வராதுங்க" என்றேன்.

அது அப்பாவின் காதில் விழ வேண்டும் என்று இருந்தது எனக்கு. அவருக்கு நல்ல அடி கொடுத்துவிட்டதாக நினைத்தேன். அந்த ஒரு வாரத்தில் என் கணக்கைப் பற்றி நேராக என்னிடமே கேட்ட முதல் ஆள் மண்டிக்காரர்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் இன்னொரு வாட்டி கேட்கவும் இல்லை. நோட்டை மூடிவிட்டுக் கையை நீட்டிக் குவியலைக் காட்டினார். நான் போய் உட்கார்ந்து பெங்களூரா ரக மாங்காயை ஒரு பக்கமும் செந்தூராவை ஒரு பக்கமும் போட ஆரம்பித்தேன்.